தமிழில் கிறிஸ்தவ சமய விவாதம்: தரங்கம்பாடி முதல் யாழ்ப்பாணம் வரை ஒரு மதிப்பீடு

கிறிஸ்தவத்தைப் பொதுமக்கள் முன் எடுத்துரைக்கவும், அதற்கு எழுந்த மறுப்புகளுக்கு விடை கூறவும், பிற சமயங்களை மறுக்கவும் தமிழில் எழுதப்பட்ட உரையாடல்கள், கடிதங்கள், துண்டுப்பிரசுரங்கள், நூல்கள் ஆகியவற்றைக் கிறிஸ்தவ சமய விவாத எழுத்து எனலாம். 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய ராபர்ட்டோ டி நொபிலி (1577–1656) எழுதிய ‘தூஷணத் திக்காரம்’ இவ்வகையில் முன்னோடி நூல். தன் சமயத்தின் மீது சொல்லப்பட்ட பழிகளுக்கு அவர் அதில் விடை கூறினார். அவருக்குப் பின் சீகன்பால்கு, வீரமாமுனிவர், யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிகள் எனப் பலர் இத்துறையில் எழுதினர். அவர்களை மறுத்து ஆறுமுக நாவலர் முதலியோர் எழுதினர்.

நம் இலக்கிய வரலாற்று நூல்கள் இவர்களை உரைநடைக்கும் அச்சுக்கும் அகராதிக்கும் ஆற்றிய தொண்டுக்காகப் பாராட்டுகின்றன. தேர்வில் மாணவர்கள் எழுதுவதும் அதைத்தான். அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனால் இவர்கள் கப்பலேறி வந்தது அகராதி தொகுப்பதற்காக அல்ல, சமயத்தைப் பரப்புவதற்காக. அந்த வேலையை எவ்வளவு நேர்மையாகச் செய்தார்கள், எதிர்த்தரப்பை எப்படி நடத்தினார்கள் என்ற கேள்வியைத் ‘தமிழ்த்தொண்டு’ என்ற சொல்லால் மூடிவிடுகிறோம். நாவலரையும் அவ்வாறே ‘வசனநடை கைவந்த வல்லாளர்’ என்று புகழ்ந்துவிட்டு, அவருடைய வாதங்களைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இக்கட்டுரை அந்த எழுத்துகளை விவாதமாகவே எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறது. அதற்கு மூன்று கேள்விகளை அளவுகோலாகக் கொள்கிறது. எதிர்த்தரப்பின் கருத்தாக எழுத்தாளர் சொல்வதை அந்தத் தரப்பினர் “ஆம், நாங்கள் நம்புவது இதுதான்” என்று ஒப்புக்கொள்வார்களா? பிறர் சமயத்தைச் சோதித்த அதே கேள்வியை அவர் தன் சமயத்திடமும் கேட்கிறாரா? மறுமொழி சொல்ல எதிர்த்தரப்புக்கு இடம் தருகிறாரா?

தரங்கம்பாடி: கேட்டு எழுதியவர்

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு (1682–1719), தன் தோழர் புளூட்சோவுடன் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தரங்கம்பாடி அப்போது டேனியர் வசம் இருந்தது. ஆயினும் டேனிய அதிகாரிகளின் ஆதரவு அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட மோதலில் ஏறத்தாழ நான்கு மாதம் சிறையிலும் இருந்தார்.

தமிழ் கற்றதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கிடைத்த தமிழ் ஏடுகளைச் சேகரித்துப் படித்து, நூறுக்கும் மேற்பட்ட நூல்களுக்குக் குறிப்புடன் கூடிய பட்டியல் தயாரித்தது. அடுத்து, அவரும் கிரண்ட்லரும் தமிழர் பலரிடம் கேள்விகளை அனுப்பிக் கடிதமாகப் பதில் பெற்றனர். தெய்வங்கள், சடங்குகள், திருமணம், கல்வி, மருத்துவம், கிறிஸ்தவரைப் பற்றிய எண்ணம் என்று கேள்விகள் பலவகைப்பட்டவை. 1712 முதல் 1714 வரை கிடைத்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. நேர்முக உரையாடல்களும் பதிவாயின. அவற்றுள் 34 உரையாடல்கள் 1719-ல் லண்டனில் ஆங்கிலத்தில் நூலாக வந்தன.

இவற்றில் தமிழர்கள் வாயடைத்துப் போனவர்களாகக் காட்டப்படவில்லை. உங்கள் வழி ஒன்றே மீட்புக்கு வழி என்றால் எங்கள் முன்னோரை உங்கள் கடவுள் ஏன் இத்தனை காலம் கைவிட்டிருந்தார் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு நாட்டாருக்கும் கடவுள் ஒவ்வொரு வழியைத் தந்திருக்கலாமே என்கிறார்கள். கரையோரத்தில் வாழும் ஐரோப்பியரின் குடியையும் ஒழுக்கக் கேட்டையும் சுட்டிக்காட்டி, உங்கள் வேதம் முதலில் உங்கள் ஆட்களைத் திருத்தட்டும் என்கிறார்கள். இந்தக் கடைசி வாதத்துக்குப் போதகர் அளித்த விடை வலுவானதாக இல்லை. பெயருக்குக் கிறிஸ்தவர்கள் வேறு, மெய்யான கிறிஸ்தவர்கள் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். அதே சலுகையைப் பெயரளவில் சைவராக இருப்பவருக்கு அவர் தருவதில்லை. நம் இரண்டாம் கேள்வியில் அவர் இங்கே தோற்கிறார். ஆனால் தான் தோற்ற இடத்தையும் பதிவு செய்து அனுப்பினார் என்பதால் மூன்றாம் கேள்வியில் தேறுகிறார்.

1713-ல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு இதைவிடப் பெரிய சான்று. ஊர்த்தெய்வங்கள் உட்பட தமிழர் வழிபாட்டை வகைப்படுத்தி விளக்கும் அந்நூலை ஹாலேயிலிருந்த அவருடைய மேலோர் அச்சிட மறுத்தனர். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் மிஷனரியை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது பிராங்கேயின் நிலை. நூல் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1867-ல் சென்னையில்தான் அச்சேறியது. எதிர்த்தரப்பைச் சரியாக விளக்கினாலே அதற்கு ஆதரவு சேர்ந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அவரை அனுப்பியவர்களே.

இதோடு நிறுத்தினால் சித்திரம் முழுமை பெறாது. அதே 1713-ல் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து சீகன்பால்குவின் ‘அக்கியானம்’ என்ற சிறுநூலும் வெளிவந்தது. தமிழரிடம் வாங்கப்பட்ட பதில்கள் ஐரோப்பியர் படிக்க ஜெர்மன் மொழியில் போயின. தமிழர் படிக்கத் தமிழில் வந்ததோ, அவர்களுடைய சமயம் முழுவதையும் ‘அக்கியானம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்த பிரசுரம். கேட்டு எழுதிய மனிதரும் தீர்ப்பு எழுதிய மனிதரும் ஒருவரே. அவரைத் தமிழன்பர் என்று மட்டும் கொண்டாடுவதும் மதவெறியர் என்று மட்டும் தூற்றுவதும் பாதி உண்மைதான்.

வீரமாமுனிவரும் லுத்தரன் போதகரும்

தமிழில் அச்சேறியும் ஏடாகவும் உலவிய கிறிஸ்தவ விவாத எழுத்தில் கணிசமான பகுதி இந்து சமயத்தை நோக்கியதல்ல. கிறிஸ்தவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டது. 1720-களில் தஞ்சாவூர்ப் பகுதியில் கத்தோலிக்கர் சிலர் தரங்கம்பாடியாரின் லுத்தரன் சபைக்கு மாறத் தொடங்கியபோது அந்த மோதல் கடுமையானது. அப்போது களத்தில் இறங்கியவர் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680–1747). ‘வேத விளக்கம்’ (1728), ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகிய உரைநடை நூல்கள் இந்தச் சூழலில் பிறந்தவை.

‘தேம்பாவணி’யின் ஆசிரியரா இவற்றை எழுதினார் என்று வியக்கும் அளவுக்கு இவற்றில் ஏளனம் மிகுந்திருக்கிறது. லுத்தரன் போதகர்களின் கொள்கையை மறுப்பதோடு அவர் நிற்கவில்லை, அவர்களுடைய தமிழையும் பரிகசிக்கிறார். சீகன்பால்கு தொடங்கிய விவிலிய மொழிபெயர்ப்பின் நடை கரடுமுரடானது என்பது உண்மை. எனவே அந்தப் பரிகாசத்துக்கு அடிப்படை இருந்தது. ஆனால் நடை பிழையானது என்று நிறுவுவது கொள்கை பிழையானது என்று நிறுவுவதாகாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து வாசகரைச் சிரிக்க வைத்துவிட்டால், சிரித்தவர் வாதத்தையும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுகிறது. இன்றைய மேடை விவாதங்களிலும் இந்த உத்தியே கோலோச்சுகிறது.

இதோடு ஒப்பிட வேண்டியது 1727-ல் அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’. இது உபதேசியார்களுக்காக எழுதப்பட்ட நூல். பிறருக்கு வேதம் சொல்ல வருபவன் முதலில் எப்படி வாழ வேண்டும் என்பதே அதன் பொருள். தரங்கம்பாடித் தமிழர் சீகன்பால்குவிடம் எழுப்பிய ஒழுக்கக் கேள்விக்குச் சரியான விடை இருக்குமானால், அது இந்த நூலின் திசையில்தான் இருக்கிறது. எதிரியை நோக்கி எழுதிய நூல்களைவிடத் தன் கூட்டத்தாரை நோக்கி எழுதிய நூலில் வீரமாமுனிவரின் உரைநடை நிதானமாகவும் தெளிவாகவும் இருப்பது தற்செயலாக நேர்ந்ததல்ல.

உதயதாரகை: இதழ் திறந்த வாசல்

19ஆம் நூற்றாண்டில் விவாதம் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் மையம் கொண்டது. 1816-ல் அங்கு பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் பள்ளிகளையும், 1823-ல் வட்டுக்கோட்டை செமினரியையும், பின்னர் அச்சகத்தையும் நிறுவியது. துண்டுப்பிரசுரங்கள் வீடு வீடாகச் சென்றன. ‘மும்மூர்த்தி லட்சணம்’, ‘குருட்டு வழி’ போன்றவை அவற்றுள் பெயர்பெற்றவை. புராணங்களில் தெய்வங்களின் செயல்களாக வருபவற்றைத் தொகுத்து, இவர்கள் வணங்கத் தக்கவர்களா என்று கேட்பது இவற்றின் பொதுவான முறை. புராணக் கதைகளுக்குச் சைவ சித்தாந்தம் தரும் தத்துவ விளக்கம் என்ன என்பதை இவை பொருட்படுத்துவதில்லை. முதல் கேள்வியிலேயே இவை தேறாமல் போகின்றன. ஒரு சைவர் தன் நம்பிக்கையை இந்தப் பிரசுரங்களில் அடையாளம் கண்டிருக்க முடியாது.

1841 ஜனவரியில் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழ் வேறுவகைப்பட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வந்த இவ்விதழுக்கு ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற பெயர்களைத் தாங்கிய இரு தமிழர்கள் ஆசிரியர்களாக இருந்தனர். செய்தி, அறிவியல், கல்வி ஆகியவற்றோடு சமய விவாதமும் இடம்பெற்றது. சைவர்கள் எழுதிய கடிதங்களும் அதில் அச்சாயின. மிஷன் நடத்திய இதழில், மிஷனின் காகிதத்தில், மிஷனை மறுக்கும் எழுத்து வெளிவந்தது. இதழின் நோக்கம் கிறிஸ்தவத்தைப் பரப்புவதுதான். பதிலுரையில் கடைசிச் சொல் ஆசிரியர்களிடமே இருந்தது. அப்படியிருந்தும், தமிழில் இரு தரப்பும் ஒரே தாளில் மோதும் வழக்கத்துக்கு அது வழி திறந்தது. விவாதத்தில் வென்றது யார் என்பது மறந்துபோன பிறகும் அந்த வழக்கம் நிலைத்தது.

நாவலரின் மறுப்பு

அந்த வழக்கத்தை நன்றாகப் பயன்படுத்தியவர் ஆறுமுக நாவலர் (1822–1879). யாழ்ப்பாணம் வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை செய்தவர் அவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தம் சமயப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848-ல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிறகு அச்சகமும் வைத்தார். பள்ளி, பிரசங்கம், அச்சகம், வினாவிடை நூல், எளிய வசனம் என அவர் கையாண்டவை அனைத்தும் மிஷனரிகளிடம் அவர் கண்ட கருவிகள்.

1854-ல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ இவ்வகை நூல்களில் மிக வலுவானது. கோயில், விக்கிரகம், தூபதீபம், தீர்த்தம், விரதம் ஆகியவற்றை மிஷனரிகள் மூடநம்பிக்கை என்று இகழ்ந்தனர். நாவலர் விவிலியத்தையே எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொன்னார். பழைய ஏற்பாட்டில் கூடாரமும் பலிபீடமும் தூபமும் தீட்டும் சுத்தியும் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றனவே, உங்கள் கடவுள் அங்கே விதித்தது நியாயமென்றால் எங்கள் ஆகமம் இங்கே விதித்தது எப்படி அநியாயமாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இது வசையல்ல, ஒரே அளவுகோலை இருபுறமும் வைக்கச் சொல்லும் கேள்வி. விவிலியத்தை மொழிபெயர்க்கத் துணைசெய்தவர் என்பதால் எதிர்த்தரப்பின் நூலை அவர் நேரடியாக அறிந்திருந்தார். சைவத்தைப் பிரசுரத்தின் அளவிலேயே அறிந்திருந்த மிஷனரிகளுக்கு இந்த வசதி இல்லை.

கிறிஸ்தவத் தரப்பிலிருந்து கறோல் விசுவநாதபிள்ளை 1857-ல் ‘சுப்பிரதீபம்’ எழுதி இதை மறுத்தார். அவரே பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார். மிஷன் பள்ளியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் திரும்பினார். இந்தத் திரும்புதல்களை நாவலரின் வெற்றி என்று சொல்வது வழக்கம். விவாதம் உண்மையாகவே நடக்குமிடத்தில் ஆட்கள் இரு திசையிலும் நகர்வார்கள் என்பதற்கு இவை சான்று என்று கொள்வதே பொருத்தம்.

நாவலரிடமும் குறை உண்டு. அவருடைய கண்டனங்களில் மதம் மாறியவர்களை ஆசையால் போனவர்கள் என்று இழிக்கும் தொனி அடிக்கடி வருகிறது. சாதி வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே அவர் சைவ ஒழுக்கத்தை வரையறுத்தார். ஒருவன் ஏன் தன் சமயத்தை விட்டுப் போனான் என்ற கேள்விக்கு ‘ஆசை’ என்று ஒரு சொல்லில் விடை சொல்வது, ஒரு சமயத்தை ‘அக்கியானம்’ என்று ஒரு சொல்லில் ஒதுக்குவதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

விவாதத்தில் இடம்பெறாதவர்கள்

மேலே கூறப்பட்ட எல்லா நூல்களிலும் வாதிடுபவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்: பிராமணர், வேளாளர், ஐரோப்பியர். தமிழ்நாட்டில் கிறிஸ்தவரானோரில் பெரும்பாலோர் இவர்களில் எவருமல்லர். திருநெல்வேலிச் சீமையிலும் தென் திருவிதாங்கூரிலும் நாடார்களும் ஒடுக்கப்பட்ட பிற சாதியினரும் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவரானபோது, மும்மூர்த்திகளின் இலட்சணத்தை ஆராய்ந்து முடிவெடுத்ததாகக் கொள்ள முடியாது. பள்ளி, நீதிமன்றத்தில் துணை, பஞ்சத்தில் கஞ்சி, நிமிர்ந்து நடக்கும் உரிமை ஆகியவை அவர்கள் முடிவில் பங்குபெற்றன. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குத் திருவிதாங்கூர் அரசு 1859-ல் ஆணையிட்டது. பல ஆண்டுகள் நீடித்த அந்தப் போராட்டம், அச்சான எந்தக் கண்டன நூலையும்விடக் கிறிஸ்தவத்துக்காகப் பலமாகப் பேசியது.

அதே வேளையில், சபைக்குள்ளும் சாதி ஒழிந்துவிடவில்லை. கோயிலில் தனித்தனி இருக்கை, தனித்தனிக் கல்லறை என்ற வழக்கம் நீடித்தது. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சைக் கிறிஸ்தவர்களில் பலர் எதிர்த்தனர். பெரும் கவிஞரான வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றார். இந்து சமயத்தைச் சாதிக்காக இடித்துரைத்த பிரசுரங்கள் தம் சபையின் இருக்கை வரிசையைப் பற்றி அதே குரலில் பேசவில்லை. நம் இரண்டாம் கேள்வியில் கிறிஸ்தவ விவாத எழுத்து கண்ட மிகப் பெரிய தோல்வி இது.

வாதம் ஓய்ந்து பாடல் தொடங்கிய இடம்

நிலைத்த எழுத்து எது என்று பார்த்தால், கண்டன நூல்கள் ஆய்வாளரின் மேசையோடு நின்றுவிட்டன. வேதநாயக சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ மக்களிடம் பாடலாகப் போயிற்று. வைணவ மரபில் வளர்ந்து 1858-ல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), கம்பனைக் கற்ற பயிற்சியைக் கைவிடாமல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) இயற்றினார். ‘இரட்சணிய சமய நிர்ணயம்’ என்ற வாத நூலையும் அவர் எழுதினார். ஆனால் தமிழ் வாசகர் அவரை நினைவில் வைத்திருப்பது காப்பியத்துக்காக. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) எவரோடும் வழக்காடாமல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடினார். தன் நம்பிக்கையை விடாமலே அடுத்தவர் வீட்டுத் திண்ணையிலும் பாடத்தக்க பாடலை எழுத முடியும் என்பதற்கு அவர் சான்று.

இதனால் விவாதமே வேண்டாம் என்று முடிவுகட்டக் கூடாது. சமரசம் என்ற பெயரில் கேள்விகளை அமுக்கிவிடுவதும் நேர்மையல்ல. சீகன்பால்குவிடம் தமிழர் கேட்ட கேள்வியும், மிஷனரிகளிடம் நாவலர் கேட்ட கேள்வியும், சாதி பற்றி மிஷனரிகள் நம்மிடம் கேட்ட கேள்வியும் கேட்கப்பட வேண்டியவையே.

இன்றைய வாசகருக்கு

இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு ஒரு சமயத்தைப் பின்பற்றுவதோடு அதைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. ‘பரப்புதல்’ என்ற சொல் அதில் இருக்கலாமா என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் விவாதம் நடந்து, இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையல்ல என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் நீக்கப்பட்டது. எது கட்டாயம், எது ஆசைகாட்டல் என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். எது நேர்மையான பேச்சு என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. நல்லம்பள்ளி போன்ற ஊர்களில் கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸ் பவனிக்கும் ஒரே கடைத்தெருதான் வழிவிட வேண்டும். இத்தகைய ஊர்களில் சமயப் பேச்சு என்பது முகம் தெரியாதவர்களுக்கு இடையே நடப்பதல்ல. இன்று துண்டுப்பிரசுரம் கொடுப்பவரும் அதை மறுத்துப் பேசுபவரும் நாளைக் காலை ஒரே பேருந்தில் ஏறுவார்கள். கைப்பேசிக் காணொளியில் பேசுபவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எதிரில் ஆளில்லாத இடத்தில் ‘குருட்டு வழி’யின் நடை சுலபமாகத் திரும்பி வந்துவிடுகிறது. அது கிறிஸ்தவத்துக்காகப் பேசுபவரிடமும் உண்டு, எதிர்த்துப் பேசுபவரிடமும் உண்டு.

அத்தகைய பேச்சைக் கேட்கும் மாணவர்கள் முதலில் சொன்ன மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். எதிர்த்தரப்பைச் சரியாகச் சொல்கிறாரா, ஒரே அளவுகோலை வைக்கிறாரா, பதிலுக்கு இடம் விடுகிறாரா? மூன்றிலும் தேறிய நூல் மேலே கண்ட எதுவுமில்லை. சிலவற்றில் தேறியவர்கள் தரங்கம்பாடிக் கடிதங்களைப் பதிவு செய்தவர்கள், உதயதாரகையில் எதிர்க்கடிதத்தை அச்சிட்டவர்கள், விவிலியத்தைக் கற்றே விவிலியத்தாருக்குப் பதில் சொன்ன நாவலர் ஆகியோர். தமிழ்ச் சமய விவாதத்தில் இன்றும் எடுத்துப் படிக்கத் தக்க பக்கங்கள் அவர்களுடையவை.